எக்ஸ்எம்எல்லில் எந்தெந்தக் குறிகளை எஸ்கேப் செய்ய வேண்டும், எந்த இடத்தில்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாமா நடத்தும் மொத்த வியாபாரக் கடைக்கு இ-இன்வாய்ஸ் (வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் மின் பில்) நிரல் எழுதுகிறீர்கள். மொழி பிஹெச்பி. ஸ்ட்ரிங்குகளை (எழுத்துத் துண்டுகளை) ஒட்டி ஒட்டி எக்ஸ்எம்எல் (தரவை நிரலுக்கு நிரல் அனுப்பும் ஒரு வடிவம்) கோப்பை உருவாக்குகிறீர்கள். ஒரு வாடிக்கையாளரின் கம்பெனிப் பெயரில் & வந்ததும் கோப்பு திரும்பி வந்துவிட்டது. "மாற்ற வேண்டிய குறிகளின் முழுப் பட்டியலைக் கொடுங்கள், ரிப்ளேஸ் வரிசையில் போட்டுவிடுகிறேன், ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதில் வரும் சாய்கோட்டையும் தமிழ் எழுத்துகளையும்கூட மாற்ற வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் தருகிறேன், அது ரொம்பச் சின்னது. ஆனால் அதை வைத்துக்கொண்டும் உங்கள் நிரல் உடையும். அதனால் இந்த மாற்றத்தை (குறிக்குப் பதில் அதன் மாற்று வடிவத்தை எழுதுவதைத்தான் எஸ்கேப் என்கிறோம்) யார், எந்த இடத்தில், எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் பினாங்கில் இருக்கிறேன். பாதி வேலைக்காலம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்கும் கணினிக்கும் இடையே தரவு கடத்தும் நிரல்களில் போனது. மீதி, கடைகளுக்கான கணக்கு மென்பொருளில். உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை, நீங்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். கீழே எது எக்ஸ்எம்எல் விதி, எது என் பழக்கம் என்று பிரித்தே சொல்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள்.

முதலில் விதி. எக்ஸ்எம்எல் 1.0, 1998 பிப்ரவரியில் வந்தது. அன்றிலிருந்து இந்தப் பகுதி மாறவே இல்லை. டேக்குகளுக்கு (கோணக் குறிகளுக்குள் எழுதும் பெயர்களுக்கு) நடுவே வரும் உரையில் கட்டாயம் மாற்ற வேண்டியவை இரண்டே: & மற்றும் <. & என்பதை &#38; என்றும், < என்பதை &#60; என்றும் எழுத வேண்டும். ஆம்ப், எல்டி, ஜிடி, குவோட், அப்போஸ் என்று ஐந்து பெயர் வடிவங்களும் உண்டு, அவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண் வடிவமும் அதே வேலையைத்தான் செய்யும். இந்தப் பதிலில் எண்ணையே எழுதுகிறேன். > குறியை உரையில் அப்படியே விடலாம், ]]> என்ற மூன்றெழுத்துக் கூட்டமாக வந்தால் மட்டும் மாற்ற வேண்டும். எப்போதும் &#62; என்று மாற்றிவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை, லைப்ரரிகள் (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்புகள்) பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. மேற்கோள் குறிகள் அட்ரிபியூட்டுக்குள் (டேக்கின் உள்ளேயே மேற்கோளில் எழுதும் மதிப்பு) வரும்போது மட்டும்தான் ஆபத்து, அதுவும் அந்த அட்ரிபியூட்டைச் சூழ்ந்திருக்கும் அதே மேற்கோளாக இருந்தால் மட்டும். இரட்டை மேற்கோளுக்கு &#34;, ஒற்றைக்கு &#39;. பட்டியல் இவ்வளவுதான்.

சாய்கோடு, @, #, %, அடைப்புக்குறிகள் எதையும் தொட வேண்டாம். மைகார்டில் (மலேசிய அடையாள அட்டையில்) இருப்பதுபோல "முத்து ஏ/எல் ராமன் @ ராஜா" என்று பெயர் வந்தால் அப்படியே எழுதுங்கள், எக்ஸ்எம்எல்லுக்கு அதில் ஒரு புகாரும் இல்லை. (சாய்கோடு உங்களை வேறு இடத்தில் கடிக்கும்: வாடிக்கையாளர் பெயரையே கோப்பின் பெயராக வைத்தால் "முத்து ஏ" என்று ஒரு ஃபோல்டரைத் தேடிப் போகும். அது வேறு கதை.) தமிழ் எழுத்துகளையும் மாற்றத் தேவையில்லை, கோப்பு யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஆக இருந்தால் போதும். அ என்பதை &#2949; என்று எழுதினாலும் சரிதான், படிக்கும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் யூடிஎஃப்-8இல் 3 பைட் எடுக்கும் எழுத்து அப்படி எழுதினால் 7 பைட் ஆகிவிடும், மனிதக் கண்ணுக்கும் ஒன்றும் புரியாது. டேக்கின் பெயரையே தமிழில் வைக்கவும் எக்ஸ்எம்எல் அனுமதிக்கிறது. கீழே உதாரணங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இ-இன்வாய்ஸுக்கு நீங்கள் யூபிஎல் 2.1 (பில் போன்ற வணிக ஆவணங்களுக்கான எக்ஸ்எம்எல் தரநிலை) தரும் பெயர்களைத்தான் போட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது உங்களுக்கு அடுத்த வாரம் வரப்போகும் சிக்கல். நம் ஊரில் பட்டம் எழுதும்போது டத்தோவுக்குப் பின்னால் ஒரு ஒற்றை மேற்கோள் நிற்கும், மலாய் எழுத்து முறையில் அது ஒலிக்குறி. உங்கள் நிரல் அட்ரிபியூட்டை ஒற்றை மேற்கோளால் சூழ்ந்தால் இப்படி ஆகும்: <வாங்குபவர் பெயர்='டத்தோ' முத்து'/>. பார்சர் (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரல்) "டத்தோ" என்பதோடு பெயர் முடிந்தது என்று நினைக்கும், மீதியைப் பார்த்து நின்றுவிடும். இதில் ஒரு விளையாட்டும் உண்டு. வேர்டிலிருந்து ஒட்டப்பட்ட டத்தோ’ என்றால் அந்த மேற்கோள் வளைந்தது, யூனிகோடில் அதன் எண் 8217, எக்ஸ்எம்எல்லுக்கு அது வெறும் எழுத்து. விசைப்பலகையில் நேரே தட்டிய மேற்கோள் 39. ஆகவே அதே டத்தோ ஒரு நாள் உடைப்பார், ஒரு நாள் உடைக்க மாட்டார். "சில சமயம் மட்டும்தான் வருகிறது" என்று ஆள் ஆளுக்குத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். பிஹெச்பியில் இந்தக் குறிகளை மாற்றித் தரும் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன் 8.1 பதிப்புக்கு முன்பு, நீங்கள் தனியாகச் சொன்னால் ஒழிய, ஒற்றை மேற்கோளை மாற்றாது, 8.1 முதல் தானே மாற்றும். சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, அட்ரிபியூட்டை எப்போதும் இரட்டை மேற்கோளால் சூழ்ந்து, இரண்டு மேற்கோளையும் மாற்றிவிடுவது. இது என் பழக்கம், விதி இல்லை.

அதற்குப் பக்கத்திலேயே ஹெச்டிஎம்எல்என்டிட்டீஸ் என்று இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் இன்னும் முழுமையானது போலத் தெரியும். அதைத் தொடாதீர்கள். அது ஹெச்டிஎம்எல்லின் நூற்றுக்கணக்கான பெயர் வடிவங்களைப் பயன்படுத்தும். எக்ஸ்எம்எல்லுக்கு மேலே சொன்ன ஐந்து பெயர்கள்தான் தெரியும். ஒரு நான்-பிரேக்கிங் ஸ்பேஸ் (வரி முறியவிடாத இடைவெளி) தரவில் இருந்தால் போதும், "இந்தப் பெயரே எனக்குத் தெரியாது" என்று பார்சர் கோப்பைத் திருப்பிவிடும். பிரௌசர் இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளுமே என்று தோன்றலாம். ஹெச்டிஎம்எல்லில் தனியாக நிற்கும் & குறியைப் பிரௌசர் மன்னித்துவிடும். எக்ஸ்எம்எல்லை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் மன்னிப்பை எடுத்துவிட்டார்கள்: ஒரு பிழை கண்டால் பார்சர் நின்றே ஆக வேண்டும், ஊகித்துத் திருத்தக் கூடாது.

ரிப்ளேஸ் வரிசையைப் பற்றி. நீங்கள் சொன்னபடி வரிசையாக மாற்றினால் & தான் முதலில் போக வேண்டும். < குறியை முதலில் மாற்றினால் அது &#60; ஆகும்; அடுத்து & முறை வரும்போது அந்தப் புது & குறியையும் பிடித்து &#38;#60; என்று ஆக்கிவிடும். இது சின்னப் பிழை, ஒரு முறை சுட்டால் மறக்காது. இதன் பெரிய அண்ணன்தான் உண்மையான தொல்லை. வாடிக்கையாளரைப் பதிவு செய்யும் பக்கத்தை எழுதியவர் "பாதுகாப்புக்கு" என்று பெயரை எஸ்கேப் செய்தே டேட்டாபேஸில் போட்டிருப்பார். முத்து & சன்ஸ் அங்கே முத்து &#38; சன்ஸ் என்று உட்கார்ந்திருக்கும். உங்கள் நிரல் எக்ஸ்எம்எல் எழுதும்போது இன்னொரு முறை மாற்றும்: முத்து &#38;#38; சன்ஸ். கோப்பு செல்லும், எந்தப் பிழையும் வராது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் தன் பில்லை எடுத்துக்கொண்டு வந்து, என் கம்பெனிப் பெயருக்கு நடுவில் இது என்ன நம்பர் என்று கேட்பார். உடையும் கோப்பைவிட உடையாத இந்தக் கோப்பைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இதற்கு ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, ஏற்கெனவே மாறியதை மீண்டும் மாற்றாதே என்று ஒரு சுவிட்ச். போடாதீர்கள். அது தரவைப் பார்த்து ஊகிக்கிறது, ஊகம் தப்பும்போது சத்தமே வராது. டேட்டாபேஸில் இருப்பது மனிதர் தட்டியபடியே இருக்க வேண்டும்; கோப்பை எழுதும் கடைசி வாசலில், ஒரே முறை, மாற்ற வேண்டும். இப்போது உங்கள் டேட்டாபேஸில் அழுக்கு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, &#38; அல்லது அதன் பெயர் வடிவம் உள்ள வரிகளை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் அப்படி எத்தனை இருந்துவிடப் போகிறது.

கடைசி வாசல் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம், நறுக்குவது. பெயர் பகுதிக்கு நீள எல்லை இருக்கும், நீங்கள் அதற்குத் தக்கபடி வெட்டுவீர்கள். எஸ்கேப் செய்த பிறகு வெட்டினால் "முத்து &#3" என்று பாதியில் நிற்கலாம், கோப்பு அங்கேயே காலி. முன்னால் வெட்டினாலும் தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஸ்ட்ரிங்கை வெட்டித் தரும் பிஹெச்பியின் சப்ஸ்டர் பைட்டை எண்ணும், எழுத்தை எண்ணாது. "சரஸ்வதி" என்ற பெயரில் ச, ர, ஸ, புள்ளி, வ, த, இகரக் கொக்கி என்று ஏழு குறிகள், 21 பைட். 20 பைட்டில் வெட்டினால் கொக்கியின் கடைசி பைட் போய்விடும், மிச்சம் இருப்பது யூடிஎஃப்-8 ஆகவே இருக்காது. அதை 8.1க்கு முந்தைய ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸிடம் கொடுத்தால், அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெற்று ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தரும். பெயரே காணாமல் போய்விடும். தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் நடப்பதால் ஆங்கிலத்தில் சோதித்தவர் கண்ணில் படாது. எம்பி-சப்ஸ்டர் குறியை எண்ணுவதால் கோப்பு உடையாது, ஆனால் அதுவும் சரஸ்வதியை "சரஸ்வத" என்று விட்டுவிடலாம். முடிந்தால் தமிழ்ப் பெயரை வெட்டாமல் இருக்கும்படி வடிவமையுங்கள்.

எஸ்கேப் செய்தாலும் தப்பிக்காத எழுத்துகளும் இருக்கின்றன. எக்ஸ்எம்எல் 1.0இல் 32க்குக் கீழே உள்ள குறிகளில் மூன்றுக்குத்தான் இடம்: டேப் (9), புது வரி (10), கேரியேஜ் ரிட்டர்ன் (13). மற்றவை நேரே வந்தாலும் தப்பு, எண் வடிவில் வந்தாலும் தப்பு. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மருத்துவக் கருவி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளின் லேபிளை ஸ்கேன் செய்து, எக்ஸ்எம்எல்லாக வாங்குபவருக்கு அனுப்பும் நிரல் என் பொறுப்பில் இருந்தது. சில பெட்டிகள் மட்டும் திரும்பி வந்தன. திரையில் பார்த்தால் நல்ல கோப்புக்கும் கெட்ட கோப்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு இரவு போனது. கடைசியில் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோது நடுவில் ஒரு 29 உட்கார்ந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாத குறி. எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன்: &#29; என்று மாற்றி அனுப்பினேன். மறுபடியும் திரும்பி வந்தது.

சரி, அழித்துவிடுவோம் என்று அழித்தேன். கோப்பு போனது. அதுதான் பெரிய தப்பு. ஜிஎஸ்1 (சர்வதேசப் பார்கோடு தரநிலை) லேபிளில் 10 என்று தொடங்கினால் தொகுதி எண், 21 என்று தொடங்கினால் வரிசை எண். இரண்டுக்கும் நீளம் நிலையில்லை, ஆகவே தொகுதி எண் எங்கே முடிகிறது என்று காட்டத்தான் அந்த 29 வருகிறது. 1045, பிறகு 29, பிறகு 2177 என்றால் தொகுதி 45, வரிசை 77. நடுவில் இருப்பதை அழித்தால் 10452177 ஆகிறது. படிப்பவர் தொகுதி 452177 என்று எடுத்துக்கொள்வார், வரிசை எண் என்று ஒன்று இருந்ததே தெரியாது. சரியான தீர்வு, ஸ்கேன் ஆனவுடன் அந்த 29ஐ வைத்துப் பிரித்து, <தொகுதி>45</தொகுதி><வரிசை>77</வரிசை> என்று தனித்தனியாகப் போடுவதுதான். மாமாவின் கடையில் ஸ்கேனர் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். இல்லாவிட்டாலும் எக்செல்லிலிருந்தும் பழைய கணக்கு மென்பொருளிலிருந்தும் ஒட்டிய பொருள் விவரங்களில் இதுபோன்ற குறிகள் ஒளிந்து வரும். அவற்றுக்கு அர்த்தம் ஏதும் இல்லையென்றால் அழிக்கலாம், ஆனால் எந்த வரியில் எதை அழித்தோம் என்று ஒரு பதிவு எழுதிவிட்டு அழியுங்கள். 2004இல் வந்த எக்ஸ்எம்எல் 1.1 இந்தக் குறிகளை எண் வடிவில் அனுமதிக்கிறது, பூஜ்ஜியத்தைத் தவிர. அந்தப் பக்கம் போகாதீர்கள், எதிர்முனையில் இருப்பவர் 1.0 தான் பேசுவார்.

யாராவது "சிடேட்டாவுக்குள் (உள்ளே இருப்பதை அப்படியே உரையாக எடுக்கச் சொல்லும் எக்ஸ்எம்எல் பகுதி) போட்டுவிடு, எதையும் மாற்ற வேண்டாம்" என்று சொல்வார்கள். உரைக்குள் ]]> வராத வரை ஓடும், 29ஐ அதுவும் ஏற்காது, அட்ரிபியூட்டில் அதற்கு இடமே இல்லை. கையால் எழுதும் கோப்புக்கு நல்லது, நிரல் எழுதும் கோப்புக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. "ஜேசானுக்கு (தரவு அனுப்பும் இன்னொரு வடிவம்) மாறிவிடு" என்றும் சொல்வார்கள். வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் தளமான மைஇன்வோய்ஸ் இரண்டையும் ஏற்கிறது, ஆகவே அது நியாயமான யோசனைதான்; அங்கே & தொல்லை தராது, இரட்டை மேற்கோளும் பின்சாய்கோடும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஸ்ட்ரிங் ஒட்டுவதை விட்டுவிட்டு, பிஹெச்பியோடு வரும் எக்ஸ்எம்எல்ரைட்டருக்கு மாறுவது. உரையையும் அட்ரிபியூட்டையும் தனித்தனி மெத்தடில் கொடுக்கிறோம், இடத்துக்குத் தக்கபடி அதுவே மாற்றிக்கொள்ளும். "ரா" என்று முடியும் மெத்தடை மட்டும் தொடாதீர்கள், அது எதையும் மாற்றாமல் எழுதும். லைப்ரரிக்கு மாறினால் எல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. சிம்பிள்எக்ஸ்எம்எல்லில் ஆட்சைல்ட் மெத்தடுக்கு மதிப்பாக "முத்து & சன்ஸ்" கொடுத்தால் அது & குறியை மாற்றாது; எச்சரிக்கை ஒன்றை எழுதிவிட்டுப் பெயரைக் கெடுத்துவிடும். அதே சிம்பிள்எக்ஸ்எம்எல்லில் சமக்குறி போட்டு மதிப்பை வைத்தால் ஒழுங்காக மாற்றும். டாம் லைப்ரரியிலும் இதே கதைதான்: கிரியேட்எலிமென்ட்டின் இரண்டாவது ஆர்க்யுமென்ட் எஸ்கேப் ஆகாது, கிரியேட்டெக்ஸ்ட்நோட் வழியாகப் போனால் ஆகும். பைத்தானில் சாக்ஸ்யூட்டில்ஸின் எஸ்கேப் மூன்று குறியை மட்டும் மாற்றும், மேற்கோளைத் தொடாது. அட்ரிபியூட்டுக்குக் குவோட்அட்டர் என்று தனியாக இருக்கிறது. பைத்தானின் எலிமென்ட்ட்ரீ 29ஐக் கேள்வி கேட்காமல் எழுதிவிடும், எல்எக்ஸ்எம்எல் அந்த இடத்திலேயே பிழை காட்டி நிற்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

முகவரியைப் பற்றி ஒரு வரி. அதை அட்ரிபியூட்டில் போட்டால் வரி முறிவுகள் எல்லாம் வெறும் இடைவெளியாகிவிடும், &#10; என்று எழுதினால்தான் தப்பும். எலிமென்ட்டில் (டேக்குகளுக்கு நடுவே உரையாக) போட்டுவிடுங்கள், தலைவலி இல்லை. கமென்ட்டுக்குள் வாடிக்கையாளர் பெயரை எழுதிச் சோதிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அங்கே எஸ்கேப் என்பதே கிடையாது, இரண்டு சிறுகோடு சேர்ந்து வந்தால் கோப்பு உடையும். கோப்பு தயாரான பிறகு எடிட்டரில் திறந்து அழகுபடுத்திச் சேமிக்காதீர்கள். கோப்போடு அதன் ஷா-256 ஹேஷும் (கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போகிறது; ஒரு &#39; வெறும் மேற்கோளாக மாறினால்கூட அர்த்தம் அதேதான், ஹேஷ் வேறு.

சோதிக்க உங்கள் டேட்டாபேஸில் ஒரு பொய் வாடிக்கையாளரைப் பதிவு செய்யுங்கள். நான் வைத்திருக்கும் ஆள் இவர்: டத்தோ' "கறி" முத்து ஏ/எல் ராமன் @ ராஜா & சன்ஸ் <பினாங்கு> ]]> &#38; சரஸ்வதி. கடைசியில் இருக்கும் &#38; தெரிந்தே போட்டது, அது அந்த ஐந்து எழுத்துகளாகவே திரும்பி வர வேண்டும். இவர் பெயரில் ஒரு பில் போட்டு, உங்கள் நிரல் எழுதிய எக்ஸ்எம்எல்லை வேறொரு பார்சரால் படித்து, வெளியே வரும் பெயரும் டேட்டாபேஸில் இருக்கும் பெயரும் பைட்டுக்குப் பைட் ஒன்றா என்று நிரலையே ஒப்பிடச் சொல்லுங்கள், கண்ணை நம்பாதீர்கள். ஒன்றாக இல்லையென்றால், அந்த ஒரு வரியை மட்டும் பைட் எண்களாக எடுத்து அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.